ஆலாவுக்கு வேண்டியது காலூன்ற ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அக்டோபருக்குப் பிறகு சிங்கப்பூரின் சாங்கி படகுத்துறையில் பம்போட் என்னும் சிறு பயணப் படகில் ஏறி புலாவ் உபின் தீவுக்குப் போகிறவர்கள், கடல் நடுவே ஆடும் மிதவைகளின் தலையில் வெள்ளையாக நான்கைந்து பறவைகள் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். கைப்பேசியில் ஒரு படம், கீழே ‘கடற்புறா’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். இதழ்களின் படக்குறிப்புகளிலும் இந்தப் பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் கடற்புறா சிங்கப்பூருக்கு எப்போதாவது தலைகாட்டும் விருந்தாளி. பழுப்புத் தலைக் கடற்புறா ஒன்று வந்துவிட்டதென்று செய்தி பரவினால், பறவை பார்ப்போர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மிதவையில் உட்கார்ந்திருப்பது ஆலா. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று கைவசம் இருக்கும்போது அதைப் புழங்கலாமே.

பெயர்த் திருத்தத்துக்காக மட்டும் இத்தனை நீளக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இரண்டு பறவைக்கும் நடுவே உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறோம். கடற்புறா களைத்தால் வாத்து மாதிரி தண்ணீர் மேலேயே மடங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆலாவால் அப்படி நெடுநேரம் இருக்க முடியாது. குளிக்க இறங்கும், நாலு முறை தலையை முக்கிச் சிலிர்க்கும், சில நொடிகளில் எழும்பிவிடும். கால்கள் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குக் குட்டை. விரலிடைச் சவ்வும் சிறியது, துடுப்புப் போட உதவாது. இறகு நெடுநேரம் ஊறினால் நீர் ஏறிக் கனத்துவிடும். ஆகவே கடல் நிறைய மீன் இருந்தாலும், வயிறு நிறைந்த பிறகு போய் உட்கார ஓர் இடம் இல்லாவிட்டால் ஆலா அந்தக் கடலில் தங்காது. நம் கரையோரத்தில் குறைந்துகொண்டே வருவது அந்த இடம்தான்.

உட்காருவது வெறும் ஓய்வுக்காகவும் இல்லை. வலசை வந்த ஆலாக்கள் குளிர்காலம் கழிக்கும் இடத்தில்தான் சிறகின் நீண்ட இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிது வளர்த்துக்கொள்கின்றன. இரண்டொரு இறகு குறைந்த சிறகோடு பறப்பது பட்டை உடைந்த மின்விசிறி சுற்றுவது போல. அதே தூரத்துக்கு அதிகச் செலவு. நாள்தோறும் மணிக்கணக்கில் இறகு கோத வேண்டும். வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் பிழிந்து இறகு இறகாகத் தடவ வேண்டும். இதை எல்லாம் பறந்துகொண்டே செய்ய முடியாது.

ஆலா மீன் பிடிப்பதைப் பார்க்க யீஷூன் அணைப் பக்கம் போனால் போதும். பறக்கும்போது மற்றப் பறவைகள் முன்னே பார்க்கும். ஆலா தலையைக் கவிழ்த்து அலகு நேர்கீழே இருக்கும்படி பறக்கும். தூரத்தில் தெரியும் வெள்ளைப் பறவை ஆலாதானா என்று உறுதிசெய்ய இதைவிட எளிய வழி கிடையாது. மீனைக் கண்டதும் காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் படபடத்து நிற்கும். கொஞ்சம் இறங்கும், மறுபடி நிற்கும். பிறகு சிறகை மடக்கிக் கல் விழுவது போல விழும். மூழ்குவது பெரும்பாலும் ஒரு முழம்தான். சின்ன ஆலாவுக்கு அதுவும் இல்லை. பிடிப்பது நெத்திலி மாதிரி சுண்டுவிரல் நீளக் குஞ்சுமீன். பல பாய்ச்சல்கள் வெறும் அலகோடுதான் முடியும். கண்ணை நம்பி நடக்கும் தொழில் என்பதால் தண்ணீர் கலங்கினால் பிழைப்பும் கலங்கும். பெருமழைக்கு மறுநாள் கால்வாய் வாய்களில் ஆலா தென்படாமல் போவதும், கடலடி தோண்டும் கப்பல் வேலை செய்யும் பக்கத்தைத் தவிர்ப்பதும் இதனால்தான்.

எல்லா ஆலாவும் இப்படித் தலைகுப்புறப் பாய்வதில்லை. நீர்த்தேக்கங்களுக்கும் ஜோகூர் நீரிணை மீன்பண்ணைகளுக்கும் வரும் மீசை ஆலாவும் வெள்ளை இறக்கை ஆலாவும் சதுப்பு நிலத்தில் கூடு கட்டி வளர்ந்தவை. தாழப் பறந்து, நீர்ப்பரப்பில் கிடக்கும் பூச்சியையும் குஞ்சுமீனையும் அலகு நுனியால் கொத்திக்கொண்டு போகும்; உடம்பு நனையாது. உபின் பாதையில் மிதவையில் உட்காருபவை பெரும்பாலும் கொண்டை ஆலாக்கள். அலகு ஆரஞ்சு நிறமாக இருந்தால் சின்ன கொண்டை ஆலா. பச்சை கலந்த மஞ்சளாக, உடம்பும் இன்னும் பருமனாக, முதுகுச் சாம்பல் அடர்த்தியாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா. குளிர்காலத்தில் இரண்டுக்கும் முன்மண்டை வெளுத்து வழுக்கை போலாகி, பின்தலையில் மட்டும் கறுப்பு மிஞ்சும். கோயில் மண்டபத்தில் சாய்ந்திருக்கும் தாத்தாமார் சாயல். எப்போதும் காற்றை எதிர்த்தே உட்காரும், முதுகுப் பக்கம் காற்று அடித்தால் இறகு விரியும் என்பதால். ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் அலகு எட்டும் தூரம் விட்டிருக்கும். அந்த எல்லைக்குள் புதிதாக ஒன்று இறங்கினால் சண்டைதான்.

கரும்பிடரி ஆலா வேறு ரகம். பால் வெள்ளை உடம்பு, கண்ணிலிருந்து பின்கழுத்துக்கு ஓடும் ஒரு கறுப்புப் பட்டை. இது பாறைத் திட்டுகளில் முட்டையிடும். அப்படி ஒரு திட்டுதான் பெட்ரா பிராங்கா. போர்த்துகீசிய மொழியில் வெள்ளைப் பாறை என்று பொருள். பாறையை வெளுக்க வைத்தது இந்தப் பறவைகளின் எச்சம். அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது 1851இல். அனைத்துலக நீதிமன்றம் பாறையின் உரிமை சிங்கப்பூருக்கே என்று தீர்ப்புச் சொன்னது 2008 மே 23இல். ஆலாக்கள் அதற்கெல்லாம் முன்பே அங்கே குடியிருந்தவை.

வலசை என்று பேச்செடுத்தால் அலூஷியன் ஆலாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கம்சட்கா, சக்காலின் கரைகளிலும் முட்டையிடும் பறவை. குளிர்காலத்தில் எங்கே போகிறதென்று நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியவில்லை. 1992இல் ஹாங்காங் கடலில் தென்பட்டதும்தான் முதல் துப்பு கிடைத்தது. பிறகு நம் வாசலான சிங்கப்பூர் நீரிணையிலேயே அது வழக்கமாக வந்துபோவதைப் பறவை பார்ப்போர் பதிவு செய்து 2011இல் வெளியிட்டார்கள். உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று, இரவு பகல் எண்ணெய்க் கப்பலும் கொள்கலன் கப்பலும் போகும் இடம். அதற்கு நடுவில் அலாஸ்காவிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் கடந்து வந்த ஒரு பறவை, மிதக்கும் மரத்துண்டின் மேல் நின்றுகொண்டிருக்கும்.

மரத்துண்டு என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. நடுக்கடலில் அதற்கு வேறு இடம் கிடையாது. மரக்கட்டை, தென்னை மட்டை, உடைந்த தெர்மகோல் பெட்டி, நீல பிளாஸ்டிக் பீப்பாய் என எது மிதந்தாலும் ஏறி நிற்கும். செப்டம்பர், அக்டோபரிலும், திரும்பும் வழியில் ஏப்ரல், மேயிலும் நீரிணையில் படகில் போகிறவர்கள் வெறும் வானத்தைத் துழாவுவதைவிட மிதக்கும் பொருள்களைத் தொலைநோக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதே பயன் தரும். பறக்கும்போது கீழிருந்து பார்த்தால் சிறகின் உட்பாதிப் பின்விளிம்பில் ஒரு கருங்கோடு தெரியும். இதையொத்த மற்ற ஆலாக்களிலிருந்து பிரித்தறிய அந்தக் கோடே சாட்சி. அலாஸ்காவில் தெரிந்த குடியிருப்புகளில் இதன் எண்ணிக்கை 1960க்குப் பிறகு 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருப்பதாக 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. குப்பையில் நிற்கிறதே, அப்படியானால் குப்பை நல்லதுதானே என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். அதே தெர்மகோல் உதிர்ந்து குருணையாகி மீன் வயிற்றுக்கும், மீன் வழியே பறவை வயிற்றுக்கும் போகிறது.

உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கலைப்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை; எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாததுதான் கோளாறு. கயாக் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வரிசையாகவே வரும். முதலில் இறகு கோதுவது நிற்கும். அடுத்து எல்லாத் தலைகளும் ஒருசேர நிமிர்ந்து கழுத்து மெலியும். பிறகு ஒன்றிரண்டு பறவை இரண்டடி நடக்கும், எச்சமிடும். அடுத்தது பறப்புதான். தலை நிமிர்ந்தவுடனே துடுப்பை நிறுத்தி, பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். நேராகப் பார்த்து வரும் படகுதான் பயமுறுத்தும். ஓரமாகக் கடந்து போகும் படகைப் பொறுத்துக்கொள்ளும். ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ட்ரோனுக்கு அந்தக் கணக்குச் செல்லாது: தலைக்கு மேலே நகரும் எதையும் ஆலா பருந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஈஸ்ட் கோஸ்டிலும் மரினா அணைக்கட்டிலும் விடும் பெரிய பட்டங்களும் அதே கணக்கில் சேரும்.

இனி சின்ன ஆலா. இந்தக் கடிதத்தைத் தமிழ் நாளிதழுக்கு எழுதக் காரணமே அதுதான்.

சின்ன ஆலா வலசையாகவும் வருகிறது, சிங்கப்பூரிலேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கிறது. எடை 50 கிராம் சொச்சம், ஒரு கோழிமுட்டை அளவு. கூடு கட்டும் பருவத்தில் அலகு மஞ்சளாகி நுனி மட்டும் கறுக்கும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு மிஞ்சும், காலும் மஞ்சளாகும். ஆண் பறவை ஒரு குஞ்சுமீனைக் கவ்விக்கொண்டு வந்து பெண்ணின் முன்னால் நீட்டும்; மீன் பிடித்திருந்தால் சம்மதம். பிறகு கூடு. கூடு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: வெறும் மணலில் நெஞ்சை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் குடைந்த உள்ளங்கை அளவுக் குழி, ஓரத்தில் இரண்டு கிளிஞ்சல் துண்டு. அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை, காடை முட்டை அளவு, மணல் நிறத்தில் கரும்புள்ளி தெளித்தது. அடைகாப்பு ஏறத்தாழ மூன்று வாரம், ஆணும் பெண்ணும் மாறி மாறி. குஞ்சு பறக்க இன்னொரு மூன்று வாரம்.

புல் இல்லாத வெட்டவெளிதான் அதற்கு வேண்டும். எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரிய வேண்டும். இந்தத் தீவில் அப்படிப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது? கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தில். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730க்கு மேல். சாங்கியிலும் துவாஸிலும் கொட்டிய மணல் கட்டடம் எழும்பும் முன் ஆண்டுக்கணக்கில் இறுகக் காத்திருக்கும். சின்ன ஆலா அந்த இடைவேளையில் குடியேறிவிடும். ஓரிரு மழைக்காலம் கழிந்து லாலான் புல் மண்டியதும் கிளம்பிவிடும். ஈஸ்ட் கோஸ்டுக்கு எதிரே ஏறத்தாழ 800 ஹெக்டரில் வரவிருப்பதாக 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ‘லாங் ஐலண்ட்’ திட்டமும் மணல் கொட்டும் கட்டத்துக்கு வந்தால், முதலில் குடியேறப்போகிறவர்களில் ஆலாவும் இருக்கும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம்.

இப்படி மணல் கொட்டி மீட்கும் நிலத்தில் பறவை பார்ப்போருக்கு நுழைவு அனுமதி கிடையாது. லாரி ஓட்டுபவர், எக்ஸ்கவேட்டர் இயக்குபவர், நில அளவைக் கம்பு பிடிப்பவர், சூப்பர்வைசர் ஆகியோருக்குத்தான் உண்டு. அவர்களில் பலர் தமிழர்கள், பலர் இந்த நாளிதழ் படிப்பவர்கள். ஆகவே அவர்களுக்கு நேராகச் சில வார்த்தை.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை, மணல்வெளியில் நடக்கும்போது கிறீச்சென்று கத்தியபடி ஒரு சின்ன வெள்ளைப் பறவை தலைக்கு மேலே வந்து பாய்ந்தால், காலடியில் எங்கோ முட்டை இருக்கிறதென்று பொருள். ஓடக் கூடாது. நின்று, வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்ப வேண்டும். முட்டை ஒன்றாக இருக்காது, பக்கத்தில் வேறு குழிகளும் இருக்கும். இடத்தைக் குறிக்க நினைத்தால் குழியை ஒட்டிக் கம்பு நடாதீர்கள். நம் ஊர் வீட்டுக்காகம்தான் இங்கேயும் பறந்துகொண்டிருக்கிறது, அதன் புத்தி நமக்குத் தெரியாததா? கம்பு நட்ட இடத்தில் தீனி என்று இரண்டே நாளில் படித்துக்கொள்ளும். ஐந்தாறு மீட்டர் தள்ளி, நாலு பக்கமும் ஆரஞ்சுக் கூம்பு வைத்து, லாரிப் பாதையை அதற்கு வெளியே திருப்பிவிட்டால் போதும். வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் மாலை ஷிஃப்ட் ஆள் மிதிக்காமல் இருப்பார். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தின் மிச்சத்தை அங்கேயே வீசினால் முதலில் காகம் வரும், சோறு தீர்ந்ததும் முட்டை போகும்.

வெயிலைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. குளிர் நாட்டில் பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற. நண்பகல் சிங்கப்பூரில் அது குடை பிடிப்பது. வெறுங்காலில் நிற்க முடியாத அந்த மணலில், கரு தாங்கும் சூட்டின் எல்லை 40 டிகிரியை ஒட்டியது. தாய்ப்பறவை முட்டைமேல் அழுத்தி உட்காராமல் சிறகைச் சற்றுத் தூக்கி நிழல் தரும், அலகைத் திறந்து மூச்சு வாங்கும். ஆலாக்கள் நீருக்குப் பறந்து அடிவயிற்று இறகை நனைத்து வந்து முட்டையை ஈரப்படுத்துவதும் உண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் கேமராவோடு பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால், தாய் மேலே கத்திக்கொண்டிருக்க, கீழே முட்டை அவிந்துவிடும். படம் எடுத்தவருக்குத் தாம் செய்தது தெரியவே தெரியாது. முட்டை வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். கூட்டத்திலிருந்து குறைந்தது நூறு மீட்டர் தள்ளி, முடிந்தால் காலை பத்து மணிக்குள் பார்த்துவிட்டுப் போய்விடுவது நல்லது.

குஞ்சு பொரிந்து ஓரிரு நாளில் குழியை விட்டு நகர்ந்து, ஒரு கூழாங்கல் நிழல் கிடைத்தாலும் ஒண்டிக்கொள்ளும். ஆபத்தென்றால் ஓடாது, அப்படியே மணலோடு ஒட்டிப் படுத்துவிடும். பருந்திடம் அது செல்லும், லாரிச் சக்கரத்திடம் செல்லாது. ஈர மணலில் டயர் பதிந்த தடம் குஞ்சுக்கு ஓர் அகழி. நிழலுக்கென்று இறங்கும், ஏற முடியாமல் தடத்தோடு ஓடும், அடுத்த லாரியும் அதே தடத்தில்தான் வரும். தடத்தின் ஓரத்தை ஆங்காங்கே காலால் சரித்துவிட்டாலே ஏறிவிடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தூண்டில் போடுபவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நைலான் நரம்பு மக்குவதில்லை. பெடோக் படகுத்துறையிலோ உட்லண்ட்ஸ் கரையிலோ அறுத்துவிட்ட இரண்டு மீட்டர் நரம்பு, கம்பத்தில் சுற்றிக்கொண்டு, பிறகு வந்து உட்காரும் பறவையின் காலைச் சுற்றும். கால் அத்தனை குட்டை என்பதால் ஒரு சுற்றுப் போட்டாலே இரத்த ஓட்டம் நின்று விரல் கருகிவிடும். போடுகிற இரையை மீன் என்று நினைத்து ஆலா பாய்ந்து தூண்டிலில் மாட்டுவதும் நடக்கும். அப்போது பதறி நரம்பை அறுத்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. முள்ளும் நரம்புமாகப் பறந்து போய் எங்காவது சிக்கித் தொங்கிச் சாகும். மெல்லச் சுற்றி இழுத்து, துண்டு ஒன்றைத் தலைமேல் போர்த்துங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். சிறகு இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள், நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவைக்கு நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. அலகு கூர்மையானது, கண்ணுக்கு நேரே கொண்டுபோக வேண்டாம். முள் தோலில் மட்டும் குத்தியிருந்தால் நுனியை முன்னோக்கித் தள்ளி, கொக்கிமுனை வெளியே வந்ததும் குறட்டால் வெட்டி, மீதியைப் பின்வழியே உருவலாம். விழுங்கியிருந்தாலோ சிறகு மூட்டில் இறங்கியிருந்தாலோ கைவைக்காமல் பெட்டிக்குள் விடுங்கள்.

பெட்டி என்றால் மூடியுள்ள அட்டைப் பெட்டி, பக்கவாட்டில் நாலு ஓட்டை, அடியில் பழைய துணி. தண்ணீர் வைக்காதீர்கள், ரொட்டி ஊட்டாதீர்கள். களைத்துக் கரையில் கிடக்கும் ஆலாவை மேலே வீசிப் பறக்கவிடுவதும் கடலில் இறக்கிவிடுவதும் நல்லெண்ணத்தில் செய்யும் கொலை. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்துக்கு 1800-476-1600 என்ற எண்ணில் சொல்லிவிட்டு, பெட்டியை நிழலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட பறவைக்கும் இதே விதிதான். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கொட்டியபோது செந்தோசாவும் ஈஸ்ட் கோஸ்டும் கறுத்ததை மறந்திருக்க மாட்டோம். நெஞ்சால் நீரைக் கிழித்துப் பாயும் பறவைக்கு நெஞ்சில்தான் எண்ணெய் அப்பும். சுத்தம் செய்வதாக நினைத்துத் தானே கோதிக் கோதி விழுங்கும். வீட்டுக் குழாயில் பாத்திரச் சோப்புப் போட்டுக் கழுவினால் குளிரிலும் அதிர்ச்சியிலும் செத்துவிடும். அது பயிற்சி பெற்றவர்கள் வேலை.

கடைசியாக, இடம் போனால் இடம் செய்து கொடுக்க முடியாதா என்ற கேள்வி. முடியும், வெளிநாடுகளில் ஆலாவுக்கென்று மிதவைத் தளம் விடுவது புதிதல்ல. ஆனால் சிங்கப்பூரில் அதை அப்படியே நகலெடுத்தால் தோற்கும். காரணம் நீர்நாய். கல்லாங் ஆற்றில் குடும்பம் குடும்பமாகத் திரியும் அந்த நீர்நாய்களுக்கு, தண்ணீரோடு மட்டமாக மிதக்கும் மேடை ஒரு சாப்பாட்டு மேசை. உடும்பும் நன்றாக நீந்தும். ஆகவே தளத்தின் நாலு பக்கமும் நீர்மட்டத்திலிருந்து குறைந்தது அரை மீட்டர் உயரத்துக்கு வழுவழுப்பான தகடு, மேல்விளிம்பு வெளிப்பக்கம் வளைந்ததாக வேண்டும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இருந்தால் தொடங்கிப் பார்க்கலாம். மேலே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கிளிஞ்சலும் பருமணலும் கலந்து பரப்பி, அடித்தட்டில் விரல் நுழையாத ஓட்டைகள் நெருக்கமாகப் போட வேண்டும். நம் மழை ஒரு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பிவிடும், முட்டை மிதந்துவிடும். நடுவில் நாலைந்து இடத்தில் பாதியாகப் பிளந்த மண்குழாய்த் துண்டைக் கவிழ்த்து வைத்தால் குஞ்சுக்கு நிழலும் ஆச்சு, கொக்கு கண்ணில் படாமலும் ஆச்சு. உள்விளிம்பு ஒரு சாண் உயரம் இருந்தால் குஞ்சு தவறித் தண்ணீரில் விழாது. ஜோகூர் நீரிணையில் விட்டால் நீர் ஏறி வற்றும் வித்தியாசம் ஏறத்தாழ மூன்று மீட்டர் வரை போகும். நங்கூரக் கயிற்றை ஆழத்துக்கு மூன்று மடங்கு விட வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றத்தின்போது ஒரு மூலை அமிழும்.

வெறுமனே உட்காருவதற்கு மட்டும் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. பழைய கேலோங் (கடலில் கம்பம் நட்டுக் கட்டிய மீன்பிடி மேடை) கம்பங்களைப் பிடுங்கும்போது கரையிலிருந்து தள்ளி இருக்கும் பத்துக் கம்பத்தை விட்டுவைத்து, அவற்றை இணைத்து நீரேற்ற மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே உள்ளங்கை அகலப் பலகை அடித்தால் போதும். அகலம் கூடினால் காகம் குடியேறும். பலகைமேல் கூர்முள் பட்டை ஒட்டுவதைச் சில மீன்பண்ணைகளில் காண்கிறோம். நாரையும் கொக்கும் குஞ்சுமீனைத் தூக்கிப் போகும் என்ற பயம் நியாயமானதே. அதற்குத் தொட்டிமேல் வலையை விறைப்பாகக் கட்டினால் தீர்ந்தது. வலை தொய்வாக இருந்தால்தான் பறவை சிக்கும். ஆலா கூண்டுக்குள் இருக்கும் மீனுக்கு வருவதில்லை, அது எடுப்பது வெளியே சுற்றும் நெத்திலி. அதற்கு ஒரு பலகையை விட்டுக் கொடுப்பதால் பண்ணைக்கு நட்டமில்லை.

கூடு தளம் எதுவானாலும் மார்ச்சு முடிவதற்குள் நீரில் இருக்க வேண்டும், முளைத்த புல்லை அதற்கு முந்திய வாரம் பிடுங்கியிருக்க வேண்டும். ஏப்ரலில் இடம் பார்க்க வரும் பறவை, மேயில் திறப்பு விழா வைத்தால் காத்திருக்காது.

இப்படிக்கு,
கடற்பறவை ஆர்வலர்கள் சிலர்,
சாங்கி – பாசிர் ரிஸ் வட்டாரம்